புத்தகப் பெட்டிக்கு இடமில்லாத ஊர்

கெட்டி அட்டையை இரு கைகளாலும் பற்றி, முதுகுப்புறமாக மடக்கி, ஒரே இழுப்பில் நூலின் உடலிலிருந்து பிரித்தெடுக்கும்போது, காய்ந்த பசையும் தையலும் ஒருங்கே விடுபடும் ஓர் ஓசை எழும். உலர்ந்த துவரை நெற்றுகளைக் காலால் மிதித்தாற்போன்ற அவ்வோசையை மாரண்டஹள்ளிச் சந்தைத் தெருவின் பழைய காகிதக் கடையில் நின்று என் சிறுமிப் பருவத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல இயலாது. ஆலைக்குச் செல்லும் காகிதத்தில் அட்டையும் துணியும் கலத்தல் ஆகாது என்பதால், கடைக்கு வரும் நூல் எதுவாயினும் முதலில் அதன் அட்டை உரிக்கப்படும். அட்டையோடும் அதனை ஒட்டிய முன்னேட்டோடும் நூலின் பெயர், ஆக்கியோன் பெயர், அச்சிட்ட ஊர், ஆண்டு யாவும் பெரும்பாலும் போய்விடும். ஆகவே நான் திரட்டிய நூல்கள் ஏறத்தாழ எல்லாமே பெயரிழந்தவை. அவற்றுக்கு நானே பெயரிட்டேன். வானத்து மீன்களின் படம் மடித்து வைத்துத் தைக்கப்பட்டிருந்த ஒன்று ‘மடிப்பு வானம்’. மாட்டு நோய்களுக்கு மருந்து சொல்லும் செய்யுட்களைக் கொண்ட ஒன்று ‘கொம்பு’. தமிழ்ச் சொல்லுக்கு எதிரே கன்னடச் சொல்லை அடுக்கிச் சென்ற, முதற் பதினாறு பக்கம் இல்லாத பழைய அகரவரிசை ஒன்று ‘ஆற்றுக்கு அக்கரை’.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பழைய காகிதக் கடையில் என்ன வேலை என்று இக்கட்டுரையைப் படிப்போர் வினவக்கூடும். எங்கள் ஊரில் எண்பதுகளில் நிலமுடைய குடும்பங்கள் யாவும் பட்டுப்புழு வளர்த்தன. கொல்லையில் முசுக்கட்டை என்னும் மல்பெரிச் செடி, வீட்டினுள் அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். புழுவுக்கெனத் தனி மனை கட்ட வசதியில்லாத எங்களைப் போன்றோர் குடியிருந்த வீட்டிலேயே வளர்த்தோம். புழு சிறிதாயிருக்கையில் ஓர் அறை போதும், வளர வளர அது வீடு முழுவதையும் பிடித்துக்கொள்ள, கடைசி வாரத்தில் மனிதர்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பாயும் தலையணையுமாகக் குடிபெயர்வார்கள். அந்த வாரத்தில் எங்கள் இல்லத்தை எவரும் வீடென்று சொல்வதில்லை. ‘புழு வூடு’ என்றே சொல்வார்கள். தட்டின்மேல் காகிதம் விரித்து, அதன்மேல் தழை தூவி, அதன்மேல் புழுக்களை விடுவது முறை. காகிதம் ஈரமானால் மாற்ற வேண்டும். ஆதலால் ‘பயிர்’ என்று நாங்கள் சொல்லும் புழுவளர்ப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் எடைக்கணக்கில் பழைய காகிதம் தேவைப்பட்டது.

பட்டுப்புழு மணத்தைப் பொறாத உயிர். புகையிலை, ஊதுபத்தி, மண்ணெண்ணெய், பயிருக்குத் தெளிக்கும் மருந்து ஆகியவற்றுள் எதன் மணம் பட்டாலும் தழையை வெறுத்துத் தலையை உயர்த்தி ஆட்டத் தொடங்கிவிடும். கடையில் வாங்கும் காகிதக் கட்டில் அத்தகைய மணம் ஏதும் ஏறியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும். அப்பாவுக்கு நெடுநாள் நீர்க்கோவை, நாசி மந்தம். அம்மாவுக்கு வீட்டையும் மாட்டையும் விட்டு நகர இயலாது. எனவே குடும்பத்தின் மூக்காக நான் அமர்த்தப்பட்டேன். பேருந்திலேறி மாரண்டஹள்ளிக்குச் சென்று, கட்டுக் கட்டாக முகர்ந்து, நல்லதென்று என் மூக்கு ஒப்பியதை வாங்கி வருவேன். கடைக்காரர் முனுசாமி அண்ணனுக்கு அது தீராத வேடிக்கை. “என்னா பாப்பா, பேப்பர் வாங்க வந்தியா, திருடனப் புடிக்க வந்தியா? இந்த மோப்பம் மோக்கற” என்பார். நான் கட்டுகளுக்கு நடுவே அட்டையுரிந்து கிடக்கும் நூல் எதுவேனும் உண்டா என்று விரலால் தள்ளிப் பார்ப்பேன். இருந்தால் அதனையும் எடைத்தட்டில் வைத்துவிடுவேன். தாளின் எடையோடு தாளாக அது வீடு வரும். ஆனால் தட்டில் விரிக்கப்படாது.

இரண்டாண்டுகளில் நாற்பத்து மூன்று நூல்கள் சேர்ந்தன. அம்மாவின் பழைய தகரப் பெட்டியை வாங்கி அதனுள் அடுக்கினேன். எங்கள் வீட்டில் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் கலயம் இருந்தது, தழைக்குக் கோணி இருந்தது, எனக்கென்று இருந்தது அந்தப் பெட்டி ஒன்றே. ஒருநாள் அதனைத் திறந்தபோது, வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் இராமபாணப் பூச்சிகள் ‘மடிப்பு வானத்தின்’ ஓரங்களை அரித்து, வடதிசை மீன்களுள் சிலவற்றைத் தின்று தீர்த்திருந்தன. அடுத்த சந்தை நாளன்று முனுசாமி அண்ணனிடம் முறையிட்டேன்.

“அந்துருண்டை போடு பாப்பா, ஒரு பூச்சி அண்டாது. டவுன்ல பெரிய மனுசங்க வூட்ல பட்டுப் பொடவைக்கே அதத்தான் போட்டு வெக்கறாங்க” என்றார் அவர்.

வெண்ணிற உருண்டைகள் கொண்ட பொதி இரண்டை வாங்கிவந்து, நூல்களுக்கிடையே ஒவ்வொன்றாகச் செருகி மூடினேன். காகிதத்தில் புகையிலை மணமிருந்தால் பத்தடி தொலைவில் கண்டுபிடித்துவிடும் நான், புழு வளரும் வீட்டினுள் அந்துருண்டையைக் கொண்டுவருவது தவறென்று எண்ணவே இல்லை. இதனை இன்றும் என்னால் எளிதில் விளக்க முடியவில்லை. அந்த மணம் எனக்குத் தூய்மையின் மணமாகத் தோன்றியது. எங்கள் பள்ளி ஆசிரியையின் புடவை திங்கட்கிழமைகளில் அவ்வாறு மணக்கும். மேலும் ஆகாத பொருள்களின் பட்டியலைப் பெரியவர்கள் எனக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார்கள். அதில் அந்துருண்டை இல்லை. அந்துருண்டை வைத்துக் காக்க வேண்டிய துணி எங்கள் ஊரில் எவரிடமும் இல்லாமையால், அதனைப் பற்றி எச்சரிக்கவும் எவருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியின் கடைசியில் வந்த பயிர் அது. வத்தல்மலைப் பக்கமிருந்து இறங்கிய குளிர்காற்றும் விட்டுவிட்டுப் பெய்த தூறலும் நான்கு நாள்களாக ஓயவில்லை. புழுக்கள் தோலுரிக்கும் முன் தழை தின்பதை நிறுத்தி அசையாது கிடக்கும் நாளை எங்கள் பக்கத்தில் ‘ஜொரம்’ என்பார்கள். நான்காம் ஜொரம் எழுந்துவிட்டால் அதன்பின் ஏழெட்டு நாள் பெருந்தீனி, பிறகு கூடு. நான்காம் ஜொரம் எழுந்ததும் தட்டுகள் நடு அறைக்கு வந்தன. அங்கே மூலையில் என் பெட்டி இருந்தது. அதன்மேல் தட்டுச் சட்டம் ஒன்றை நிறுத்தி, கதவையும் சாளரத்தையும் கோணியால் மூடி, குளிருக்காகக் கரிக் கணப்பு ஒன்றையும் அப்பா அதே மூலையில் வைத்தார். வெப்பம் தகரத்தில் ஏறியது.

பெருந்தீனி நாள்களில் கைக்கு ஆள் போதாது. அதற்கு ஊரில் எல்லா வீடுகளும் அழைப்பது சவேரியக்காவை. கோயில் தெருக்கோடியில், மாதா சுரூபம் வைத்த மாடத்துக்கு அடுத்த ஓட்டு வீட்டில் தனியாக வாழ்ந்தவர், நிலமில்லை, புழுவில்லை, கைத்திறன் ஒன்றே அவருடைய முதல். கூடு கட்டப் பழுத்த புழுவைத் தொட்ட மாத்திரத்தில் அறிந்து, கூடு கட்டும் மூங்கில் தட்டியாகிய சந்திரிகையில் எடுத்துவிடும் அவரது விரைவுக்கு ஈடாக ஊரில் எவருமில்லை. புகையிலை போடும் வழக்கம் அவருக்கு உண்டு. ஆனால் எந்த வீட்டினுள் நுழையுமுன்னும் வாசலிலேயே வாயைக் கொப்புளித்து, கையைச் சுண்ணாம்பு நீரில் கழுவி, அதனைப் பிறர் பார்க்கும்படியாகச் செய்துவிட்டே உள்ளே வருவார்.

இரண்டாம் நாள் அவர் தழை போட்டுக்கொண்டிருக்கையில் திடீரென நின்று, “என்னமோ ஒரு வாசன வருதே பாப்பா. உனக்கு வரலியா?” என்று கேட்டார்.

நான் ஆழ மூச்சிழுத்துப் பார்த்தேன். நாள்தோறும் பெட்டியைத் திறந்து மூடி அந்த மணம் என் மூக்கில் ஊறி, தனியே தெரியாததாகிவிட்டிருந்தது. தழையும் சுண்ணாம்பும் கரிப்புகையுமே தெரிந்தன. “ஒண்ணும் இல்லக்கா” என்றேன்.

“நீயே சொல்லிட்டினா சரிதான்” என்று அவர் அடுத்த தட்டை இழுத்தார்.

மூன்றாம் நாள் பிற்பகலில் மூலைச் சட்டத்தின் கீழ்த்தட்டுப் புழுக்கள் தின்பதை நிறுத்தின. சற்று நேரத்தில் தலையைத் தூக்கி இடமும் வலமுமாக ஆட்டின. வாயிலிருந்து பச்சை நீர் கசிந்தது. பிறகு மேல்தட்டு. பிறகு அடுத்த சட்டம். அப்பா ஒவ்வொரு தட்டாக இழுத்துப் பார்த்தார். அம்மாதான் முதலில் சொன்னது: “போயிலை வாயோட ஒருத்தி உள்ள பூந்தா வேற என்னா ஆவும்?” அப்போது சவேரியக்கா கொல்லையிலிருந்து தழைக்கட்டோடு தெருவழியே வந்துகொண்டிருந்தார். அப்பா வாசலைத் தாண்டித் தெருவுக்கே இறங்கிப்போய் அவரை மறித்தார்.

“நில்லு சவேரிம்மா. உள்ள வராத. உன் வாயிதான் எம் பயிர எரிச்சிது.”

“அண்ணா, நான் வாயக் கொப்புளிச்சத நீங்களே நின்னு பாத்தீங்க.”

“எத்தன கொப்புளிச்சா என்னா, ரத்தத்துல ஊறுனது. இனி ஒரு புழு வூட்ல நீ காலு வெச்சா அவங்க பயிரும் போவும். கேட்டுக்கங்கப்பா எல்லாரும்.”

தெருவில் அப்போது ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். சவேரியக்கா தழைக்கட்டைத் தலையிலிருந்து இறக்கி, சிதறாமல் ஓரமாக வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். ஊரில் பெரும்பாலான வீடுகளில் பெருந்தீனி நடந்துகொண்டிருந்த வாரம் அது. அந்த ஒரு வாரத்து உழைப்பால் அடுத்த பயிர் வரும்வரை காலந்தள்ளுபவர் அவர். மாலைக்குள்ளாகவே மூன்று வீட்டார் அவரை ‘வர வேண்டாம்’ என்றுவிட்டதாகச் செய்தி வந்தது.

மறுநாட்காலை பட்டு வளர்ப்பை மேற்பார்க்கும் இளைஞர் ஒருவர் மிதிவண்டியில் வந்தார். ஊரார் அவரைப் ‘பட்டு சார்’ என்பார்கள். அவர் தட்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே சென்று, மூலையில் நின்று, புழு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“இது நோயில்லீங்க. நோய்னா அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு வரும். இது இந்த மூலையில ஆரம்பிச்சு வரிசையாப் போயிருக்குது. ஏதோ மருந்து வாசன. மூட்டப்பூச்சி மருந்து, கொசு மருந்து, அந்துருண்டை, இப்படி எதாச்சும் வெச்சீங்களா?”

“அந்துருண்டையா? அத வெச்சுக் காப்பாத்தற அளவுக்கு எங்ககிட்ட என்னா சார் கீது?” என்றார் அப்பா.

“போயிலைக்காரி ஒருத்தி வந்தா சார்” என்றார் அம்மா.

“போயிலைன்னா அந்தம்மா தொட்ட தட்டுதாங்க போவும். அவங்க எல்லாத் தட்டையும் தொட்டிருப்பாங்க இல்ல? அப்ப எல்லாம் ஒண்ணாப் போயிருக்கும், இப்படி ஒரு மூலையிலருந்து போவாது. நல்லாத் தேடிப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள எடுத்துட்டா பாதியாச்சும் பொழைக்கும்.”

கதவருகே தழை நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும் வாய் திறக்கவில்லை என்பதனை இங்கே எழுதியாக வேண்டும். சொன்னால் அப்பா பெட்டியைக் கணப்பில் கவிழ்ப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. சொல்லாமலே எடுத்துவிடலாம் என்று ஒரு திட்டம் தோன்றியது. அம்மா பால் கறக்கச் சென்ற இடைவெளியில் மூலைக்குச் சென்று பெட்டியின் பிடியைப் பற்றி இழுத்தேன். அசையவில்லை. அதன்மேல் சட்டத்தின் கால்களும், கால்களின்மேல் ஏழு தட்டுகளும் நின்றன. முழு வலிமையோடு இழுத்தால் சட்டம் சாயும்; சாய்ந்தால் எஞ்சிய புழுவும் மண்ணாகும். பெட்டித் தகரம் கணப்பின் பக்கமாகச் சுட்டது. மூடிவிளிம்பில் முகத்தை வைத்து முகர்ந்தேன். மூக்கு இம்முறை ஏமாற்றவில்லை. எழுந்து நின்றபோது அடுத்த சட்டத்தின் நடுத்தட்டிலும் தலைகள் உயர்ந்திருந்தன.

அதன்பிறகும் உச்சிவேளை வரையில் நான் வாளாவிருந்தேன். இறந்த புழுக்களை முறத்தில் அள்ளி எருக்குழியில் கொட்டும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஐந்தாம் முறம் கொட்டிவிட்டுத் திரும்புகையில், அப்பா வாசற்படியில் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்ததைக் கண்டேன். அப்போதுதான் சொன்னேன்.

“அப்பா, மூலையில என் பொட்டி கீதுங்க. அதுல அந்துருண்டை போட்டிருக்கறேன்.”

அவர் என்னை அடிக்கவில்லை. எழுந்து உள்ளே சென்றார். தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, சட்டத்தை நகர்த்தி, பெட்டியை இழுத்துவந்து தெருவில் வைத்தார். கோணித்திரைகளைக் கிழித்தெறிந்தார். அம்மாவும் நானும் எல்லாத் தட்டுகளின் காகிதத்தையும் உருவினோம். மாற்றக் காகிதம் போதவில்லை. அம்மா ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து ‘ஆற்றுக்கு அக்கரை’யைக் கையில் எடுத்துக் கிழிக்கப் போனார்; எடுத்த கையோடு முகத்தைச் சுளித்து உள்ளேயே போட்டார். என் நூல்கள் அன்று எரியாமலும் கிழியாமலும் தப்பியது எவருடைய இரக்கத்தாலும் அன்று. புழுவுக்கு ஆகாத நாற்றம் அவற்றில் ஏறிவிட்டிருந்ததால்தான். முசுக்கட்டை இலைகளையே பரப்பி அவற்றின்மேல் புழுக்களை மாற்றினோம்.

மூச்சு வாங்கிக்கொண்டு அப்பா சொன்னார்: “இது நம்ம மூணு பேத்தோட இருக்கட்டும். ஒரு பொட்டப்புள்ள புத்தகப் பொட்டியால வெள்ளாம போச்சுன்னா ஊரே சிரிக்கும்.”

“சவேரியக்கா?” என்றேன்.

“அவ போயிலை போடறதும் நெசந்தான” என்றார் அவர், என்னைப் பாராமல். “மொதல்ல அந்தப் பொட்டிய எங்கயாச்சும் தொலைச்சிட்டு வா. கொட்டகைப் பக்கமும் ஆவாது. காத்து இப்படித்தான் அடிக்குது.”

பக்கத்து வீட்டுத் தோழியும் நானும் இருபுறமும் பிடித்து அதனைத் தூக்கிக்கொண்டு போனோம். முதல் வீட்டில் கதவைத் திறக்குமுன்பே, “அதுல என்னா நாத்தம்? இங்க புழு கீது, அப்பால போ” என்றார்கள். இரண்டாம் வீட்டில் மூன்றாம் ஜொரம். மூன்றாம் வீட்டில் சந்திரிகையில் புழு ஏறியிருந்தது. ஊரில் கூரையென்று ஒன்று இருந்தால் அதன்கீழ்ப் புழு இருந்தது. புழு இருந்த இடத்தில் என் பெட்டிக்கு இடமில்லை. தோழியின் தாய் அவளைக் கூவி அழைத்துக்கொள்ள, வாய்க்கால் மேட்டுப் புங்க மரத்தடியில் நான் பெட்டியோடு தனியே நின்றேன். வானம் கறுத்திருந்தது. மூடியில் ஓரிடத்தில் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது எனக்குத் தெரியும். அவ்விடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன்.

சவேரியக்கா அவ்வழியே விறகுக்கட்டோடு வந்தார். என்னைக் கடந்து நாலடி போய் நின்றார். காற்று அவர் பக்கம் வீசியது.

“இதே வாசனதான்” என்றார் திரும்பாமலே. “உன்னையக் கேட்டன் இல்ல?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா மறைக்கச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் அதனைத் தாமாகவே விளங்கிக்கொண்டார்.

“எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? நான் செய்யலன்னு எனக்குத் தெரியாதா? எம் பேர நடுத்தெருவுல கெடுத்தாரு உங்கப்பன். இன்னைக்கு நாலு வூட்டுக் கதவு சாத்தியாச்சு. சொல்றதா இருந்தா நாலு பேரு நிக்கற எடத்துல சொல்லு. இல்லியா, உன் புத்தகத்தக் கட்டிக்கிட்டு இங்கியே நில்லு, மழ வருது.”

மாலைப் பால் ஊற்றும் நேரம். ‘சொசைட்டி’ என்று அழைக்கப்பட்ட பால் கூட்டுறவுக் கொட்டகையின்முன் ஊரில் பாதி செம்பும் கேனுமாக வரிசையில் நின்றது. வரிசையின் நடுவே அப்பாவும் நின்றார். நான் வருவதையும் எனக்குப் பின்னால் விறகுக்கட்டை இறக்காமலே சவேரியக்கா வருவதையும் பார்த்துவிட்டார். கண்ணால் என்னைத் தடுத்தார். முதற்சொல் இருமலாக வெளிப்பட்டது. பிறகு சொன்னேன்.

“எங்க வூட்டுப் புழு செத்தது சவேரியக்காவால இல்லீங்க. என் புத்தகப் பொட்டியில அந்துருண்டை போட்டிருந்தேன். அதாலதாங்க. அக்கா வாசன வருதுன்னு அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் இல்லன்னேன்.”

பால் அளந்தவர் படியை உயர்த்தியபடியே நின்றார். வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல், “இனிமே எழுதப் படிக்கத் தெரிஞ்ச புழுவாப் பாத்து வளக்கோணும் போல” என்றது. சிரிப்பு எழுந்தது. அப்பா தம் முறை வருமுன்பே, பாலை ஊற்றாமல், நிறைந்த கேனோடு வரிசையை விட்டு விலகி வீட்டை நோக்கி நடந்தார்.

சிரிப்பு அடங்கியபின் மேலத்தெருக்காரர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சவேரிம்மா, நாளைக்கு எங்க வூட்டுக்கு வந்துரு. நாலாம் ஜொரம் எழும்புது” என்றார்.

“வாயக் கழுவிட்டு வரோணுங்களா, கழுவாம வந்தாப் போதுங்களா?” என்று கேட்டார் சவேரியக்கா.

எவரும் சிரிக்கவில்லை.

அன்று தூறல் பெருமழையாகுமுன், புங்க மரத்தடியில் விட்டுவந்த பெட்டி, அவரும் நானுமாகத் தூக்கிவர, அவருடைய வீட்டினுள் வந்து சேர்ந்தது. ஊரில் புழுவில்லாத கூரை அது ஒன்றுதான். நான் நன்றி சொல்ல வாயெடுத்ததும் அவர் கையை உயர்த்தித் தடுத்தார். “எம் முன்னாடியே எண்ணி வெய்யி. நாளைக்கு அது இல்ல இது இல்லன்னு உங்க வூட்லருந்து யாரும் எங்கிட்ட வரக்கூடாது.” நான் எண்ணினேன்: நாற்பத்து மூன்று. பூட்டுப் போடச் செய்து சாவியை என்னிடமே கொடுத்தார். அதன்பின் நான்காண்டுகள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பூசைக்குப் போய் வந்தபிறகு, நான் சென்று ஒரு நூலை எடுத்து வாசற்படியிலமர்ந்து படிப்பேன். ஒவ்வொரு முறையும் திரும்ப வைக்கையில் எண்ண வேண்டும். அவர் தனியே இருக்கையில் எண்ணக் கூடாது, பக்கத்து வீட்டார் எவரேனும் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு நூலை வாங்கிவந்து சேர்க்கப் பார்த்தபோது, “கணக்கு மாறக்கூடாது, அத வேற எங்கியாச்சும் வெய்யி” என்றுவிட்டார்.

எங்கள் பயிரில் பாதிக்குச் சற்று மேல் பிழைத்து மெலிந்த கூடு கட்டியது. அடுத்த பயிருக்கும் அதற்கடுத்ததற்கும் அப்பா ஆளனுப்பிச் சவேரியக்காவை அழைத்தார். அவர் வரவில்லை. “புழுவுக்கு எம்மேல சந்தேகமில்ல. அது போதும்” என்று சொல்லியனுப்பினாராம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து நான் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்ட நாளில், பெட்டியை எடுத்துப்போகச் சென்றேன். எண்ண வேண்டாம் அக்கா என்றேன். “எண்ணு” என்றார். எண்ணினேன்.

“செரியா கீதா?”

“நாப்பத்தி மூணுங்க.”

“உங்கப்பன்கிட்ட போய்ச் சொல்லு.”

அப்பா கொல்லையில் முசுக்கட்டை கவாத்துச் செய்துகொண்டிருந்தார். சொன்னேன். “நான் எண்ணச் சொன்னனா?” என்றார் குனிந்தவாறே. இன்னும் இரண்டு செடிகளை வெட்டினார். பிறகு அரிவாளை வரப்பில் குத்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு வந்தார். அந்த நான்காண்டில் அவர் கோயில் தெருக்கோடி வரையில் வந்தது அதுவே முதன்முறை. சவேரியக்கா கதவைத் திறந்து அவரைப் பார்த்தார். அப்பா படியேறாமல் நின்றார். ஒருவராகத் தூக்க முடியாத பெட்டி அது. அக்கா உள்ளே சென்று ஒரு பிடியைப் பற்றி வாசல் வரை இழுத்துவர, அப்பா குனிந்து மறுபிடியைப் பற்றினார். இருவருமாக அதனைச் சாலை வரையில் சுமந்து வந்தார்கள். நான் பின்னால் நடந்தேன்.

இன்று மாரண்டஹள்ளிச் சந்தைத் தெருவில் அந்தக் காகிதக் கடை இல்லை. புழுக்களுக்கு ஊருக்குப் புறத்தே தனி மனைகள் எழுந்துவிட்டமையால், கடைசி வாரத்தில் மாட்டுக் கொட்டகையில் உறங்கும் குடும்பங்களும் இல்லை. நாற்பத்து மூன்று நூல்களுள் பன்னிரண்டுக்கு உண்மைப் பெயரை நூலகங்களில் தேடிக் கண்டறிந்தேன். எஞ்சியவை இன்னும் நான் இட்ட பெயரோடுதான் என்னிடம் இருக்கின்றன. அப்பா மறைந்து பல்லாண்டுகள் ஆயின. சவேரியக்கா ஓசூரில் உறவினர் வீட்டில் காலமான செய்தி, அடக்கம் முடிந்து ஒரு மாதங்கழித்தே எனக்கு எட்டியது. அவர் வாழ்ந்த ஓட்டு வீட்டின் இடத்தில் இப்போது சாலை அகலமாகியிருக்கிறது. அவ்வழியே பேருந்தில் செல்லும்போதெல்லாம் அந்தப் புறப்பாட்டு நாளையே எண்ணுகிறேன். பேருந்து அன்று நெடுநேரம் தாமதித்தது. தரையில் பெட்டி, அதன் இருபுறமும் அவ்விருவர். ஒரு சொல் சொல்வதற்கும் அதனைக் கேட்டுக்கொள்வதற்கும் வேண்டிய அளவுக்கு மேலாகவே நேரமிருந்தது. மூவரும் பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.